தாளின் பின்பக்கம்

மூன்றாவது கரண்டிக் கஞ்சியை லியோங் காம் வெங் வாங்கிக்கொள்ளவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, மகளின் கையைக் கண்ணாலேயே விலக்கினார்.

“இன்னும் ரெண்டே வாய்தான், அப்பா.”

“வட்டி வந்துச்சா?” என்றார்.

சூக் யீயின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஈரலில் புற்று என்று தெரிந்து நான்கு மாதம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளில் தண்ணீர், வலி, ஜன்னல் என்பதைத் தாண்டி அவர் எதுவும் கேட்டதில்லை.

“எந்த வட்டி?”

“டெபாசிட் வட்டி. போன வாரத்தோட ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும்.”

“ஆமா, ஆமா. வந்துடுச்சு.”

“எவ்வளவு?”

இந்த ‘எவ்வளவு’வுக்கு அவள் தயாராக இல்லை. ஒரு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தவளுக்கு, பூசணிக்காயின் எடையை யாராவது கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை.

“ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.” வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினார். கட்டில் ஓரத்து முக்காலியில், நாள்காட்டியிலிருந்து அம்மா அன்று காலை கிழித்து வைத்த தாள் இருந்தது. வெங்காயத் தோல் கணக்காய் மெல்லிய தாள். முன்பக்கம் சிவப்பில் தேதியும், இன்று எது செய்ய உகந்தது, எது ஆகாது என்கிற பட்டியலும் இருக்கும். பின்பக்கம் வெறுமை. நாற்பது வருடமாகக் காம் வெங் கணக்குப் போட்டது எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான். அம்மாவும் காலையில் தாளைக் கிழித்ததும் வெறும் பக்கம் மேலே தெரிய வைத்து, பென்சிலையும் பக்கத்தில் வைத்துவிடுவாள். அவர் பென்சிலைத் தொட்டே இரண்டு வாரம் ஆகியும் அவள் வைப்பதை நிறுத்தவில்லை.

தாளை ஒரு கம்பெனியின் பழைய ஆண்டறிக்கையின் மேல் வைத்து அவர் கையில் கொடுத்தாள். பென்சில் இரண்டு முறை நழுவியது.

“அம்மாவுக்கு ஒரு தடவை ரத்தம் சுத்தம் பண்ண எவ்வளவு?” அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோயிருந்தன.

“இருநூறு வெள்ளி. ஏன் இப்போ?”

“மாசத்துக்குப் பன்னெண்டு தடவை.” அவரே சொல்லிக்கொண்டார். “சேமிப்புப் புத்தகத்துல?”

“முப்பத்தெட்டாயிரத்து நானூறு.” இது உண்மை. உண்மையைச் சொல்ல முடிந்ததில் அவளுக்கு உடம்பே லேசானது.

“ம்.”

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பா பழக்கதோஷத்தில் ஏதோ கிறுக்குகிறார், கிறுக்கட்டும், தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். பாவி மகள், அப்படியேதான் நினைத்தாள்.

ஈப்போ நகரத்தில், அவர் வழக்கமாக உட்காரும் கோப்பிக்கடைப் பக்கம் காம் வெங்கைத் தெரியாதவர்கள் குறைவு. ரயில்வே சரக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பங்கு வாங்கின கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தால் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவார். “முன்பக்கம் கல்யாணப் போட்டோ, எல்லாரும் சிரிச்சுட்டுதான் நிப்பான். பின்பக்கக் குறிப்புலதான் மாமியார் வீடு தெரியும்” என்பார். யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், முதலாளியின் மச்சான் கம்பெனியிடம் என்ன விலைக்கு வாங்கினார்கள், விற்ற சரக்குக்குக் காசு கைக்கு வந்ததா, கணக்கில் மட்டும் விற்றதாக எழுதினார்களா, எல்லாம் அங்கேதான் இருக்கும். சந்தேகப்பட்ட எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார். அடியில் வந்த விடைக்கு இரண்டு கோடு.

போன வருடம் ‘காயு மெகார்’ மரச்சாமான் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்துக்குச் சூக் யீயும் கூடப் போயிருந்தாள். காம் வெங்கின் ஓய்வுப் பணம், அண்ணன் கடையில் அவருக்கிருந்த பாகத்தை விற்ற பணம், எல்லாம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பங்குகளாக அதில் இருந்தது. வாங்கின நாளில் அது நல்ல கம்பெனிதான். பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. அதன் தலைவர் ஹோ, அரசு கொடுத்த ‘டத்தோ’ பட்டம் உள்ளவர், இவர்கள் குலச் சங்கத்துக்கும் தலைவர். இவர்கள் குடியிருப்பதும் சங்கத்தின் வாடகை வீடு.

கேள்வி நேரத்தில் காம் வெங் எழுந்தார். கையில் நாள்காட்டித் தாள்.

“டத்தோ, பேங்க்ல நாற்பது கோடி வெள்ளி ரொக்கம் இருக்குன்னு போட்டிருக்கீங்க. வருஷம் பூரா வந்த வட்டி வெறும் இருபது லட்சம். என் வீட்டுச் சேமிப்புப் புத்தகமே இதைவிட நல்லா வட்டி தருதே. அந்தப் பணம் எங்கே தூங்குது?”

டத்தோ ஹோ பெரிதாகச் சிரித்தார். “அங்கிளுக்குப் பசி போலிருக்கு. யாராவது இன்னொரு கறி பப் குடுங்கப்பா!” மண்டபமே சிரித்தது. இலவசக் குடைக்கும் பலகாரப் பெட்டிக்கும் வந்த கூட்டம், கைதட்டியும் சிரித்தது. சூக் யீக்குக் காது மடல் எரிந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது அவள்தான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொன்னார். “நாளைக்கே எல்லாத்தையும் வித்துடு. ஒரு வெள்ளி பன்னெண்டு காசு போகுது, மூணு லட்சத்து எண்பதாயிரம் கிட்ட வரும், போதும். பணத்தை டெபாசிட்ல போடு. அது அம்மாவோட உசிரு.” அவருக்குக் கண்ணில் புரை, கணினி வழியே வாங்குவதும் விற்பதும் மகள் கையில்தான் இருந்தது.

அவள் விற்கவில்லை. ஒரு வெள்ளி நாற்பது வரை போன பங்கு, திரும்பப் போகாதா? அடுத்த மாதம் பங்காதாயம் வேறு வருகிறது. அதெல்லாம் மேலுக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருந்தது ஒன்றுதான்: அவ்வளவு பெரிய மண்டபம் சிரித்ததே, அத்தனை பேருமா முட்டாள்? கிழவர் ஒருவர்தானா அறிவாளி? “வித்துட்டேன்பா, மூணு புள்ளி ஆறு வட்டிக்கு டெபாசிட் போட்டுட்டேன்” என்று சொன்னாள். எண்பது காசு ஆனபோது தூக்கம் போயிற்று. நாற்பது காசு ஆனபோது, எந்த முகத்தோடு சொல்வது என்றாகிவிட்டது. ஐந்து மாதம் முன்பு, பேங்கில் அந்த ரொக்கமே இல்லை என்று தணிக்கையாளர்கள் கைவிரித்தார்கள். பங்குச் சந்தையில் யாரும் வாங்கவோ விற்கவோ முடியாதபடி அந்தப் பெயருக்குப் பூட்டுப் போட்டார்கள். இன்றைக்கு அந்தப் பங்கை வைத்து ஒரு கோப்பி வாங்க முடியாது.

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் வேன் ஹார்ன் அடித்தது.

“போயிட்டு வா. வேன் நிக்காது” என்றார் அம்மாவிடம்.

“நீங்க?”

“நான் எங்கே ஓடப் போறேன்?”

அம்மா சிரித்துக்கொண்டே போனாள். சூக் யீ தலையணையைச் சரிசெய்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்ப்பது போல இல்லை. கையைத் தூக்கி அவள் மணிக்கட்டை ஒரு தரம் தட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்றரை மணிக்கு மூச்சு நின்றபோதும் அப்படியேதான் இருந்தார். அம்மா வேனிலிருந்து இறங்கி வந்து, கையில் ஊசி குத்தின இடத்துப் பஞ்சைக்கூட எடுக்காமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டின் முன் கூடாரம் போட்டார்கள். சாமி மாடத்தைச் சிவப்புத் தாளால் மூடினார்கள். சூக் யீ கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்து, அப்பாவுக்காக எரிக்க வேண்டிய பொன்தாளை மடித்து மடித்துக் கட்டிகளாக்கிக்கொண்டிருந்தாள். முற்பகலில் ஒரு லாரி வந்து நின்றது. ஆள் உயர மலர்வளையம். வெள்ளைப் பட்டையில் டத்தோ ஹோவின் பெயர்.

“பாத்தியா?” அம்மாவின் முகம் மலர்ந்தது. “எவ்வளவு பெரிய மனுஷன், அப்பாவ மறக்கல பாரு. அத முன்னாடி வைக்கச் சொல்லு, யீ. எல்லாரும் பாக்கட்டும்.”

சூக் யீ எழுந்து போய் அதை முன்னால் வைக்கச் சொன்னாள். வேறு என்ன செய்வாள்?

ஃபூ அங்கிள் வந்தார். பங்குதாரர் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் சேர்ந்து போய்ப் பலகாரப் பெட்டி வாங்கிய காலத்திலிருந்து அப்பாவின் சினேகிதர். ஊதுவத்தி ஏற்றி மூன்று முறை வணங்கினார். மலர்வளையத்தைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தத் திருடன் எங்க காசுலயே எங்களுக்கு மாலை போடறான். எனக்கு அறுபதாயிரம் போச்சு. மருமக சோறு போடறப்ப கரண்டிய டக்குனு வைக்கறா. அன்னிக்கு மண்டபத்துல நானும்தான் சிரிச்சேன், யீ. உங்க அப்பா பக்கத்துலயே உக்காந்துகிட்டுச் சிரிச்சேன்.” மூக்கைச் சிந்தினார். “பூட்டுப் போட்ட அன்னிக்கு அவர் கோப்பிக்கடைக்கு வந்தார். எங்களக் குத்திக் காட்டுவார்னு பயந்தோம். ஒரு வார்த்தை சொல்லல. ‘என் பொண்ணு ஒரு வெள்ளி பன்னெண்டுக்கே வித்துட்டா’ன்னு மட்டும் சொல்லிட்டு, எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் குடுத்தார். நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனார்மா. நீதான் புத்திசாலி. அப்பன் பேச்சக் கேட்ட புத்திசாலி.”

சூக் யீ மடித்துக்கொண்டிருந்த தாள் கிழிந்துவிட்டது. அதைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை, பெட்டியை மூடும் முன் சவ அடக்கக்காரர் கேட்டார்: “அவர் கையில வெச்சுப் பழகின சாமான் ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க.”

“மூக்குக் கண்ணாடி. அந்தப் பென்சில். போ, யீ” என்றாள் அம்மா.

கட்டிலில் மெத்தை இல்லை. அன்று அப்பாவிடம் கொடுத்த ஆண்டறிக்கை முக்காலியின் அடித்தட்டில் இருந்தது. யாரோ அறையைக் கூட்டியபோது எடுத்து வைத்திருக்க வேண்டும். பென்சில் அதற்குள்தான் சொருகியிருந்தது. பிரித்ததும் அந்தத் தாளும் இருந்தது. பின்பக்கம் மேலே தெரிந்தது.

எழுத்து கோணிக் கோணி ஓடியிருந்தது, ஆனால் எண்கள் தெளிவு. மூன்று லட்சத்து எண்பதாயிரம், மூன்று புள்ளி ஆறு வட்டி. வர வேண்டியது 13,680. பக்கத்தில் 7,900. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பணம் இருந்தால் வட்டி இருக்கும். டத்தோவிடம் கேட்ட அதே கேள்வி. அவளிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.

அதற்குக் கீழே 380,000 என்று மறுபடி எழுதி, ஒரே கோட்டில் அடித்திருந்தார். அதற்கும் கீழே இன்னொரு கணக்கு. 38,400. அதை அம்மாவின் மாதச் சிகிச்சைச் செலவான 2,400ஆல் வகுத்து, விடை 16. அடியில் இரண்டு கோடு. முதல் கோடு நேராக இருந்தது. இரண்டாவது பாதியில் நின்றுபோயிருந்தது.

பதினாறு மாதம்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வந்தாலாவது தேவலை என்றிருந்தது.

“கிடைச்சுதா?” அம்மா வாசற்படியில் நின்றாள். கை முழங்கையிலிருந்து வீங்கியிருந்தது. இன்றைக்குப் போக வேண்டிய முறை தவறிப்போயிருந்தது. “அது என்னடி தாள்?”

“அப்பா கணக்குப் போட்டது.”

“அன்னிக்குக் காலையில போட்டாரே, அதுவா?” அம்மா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். எண்கள் அவளுக்குப் பிடிபடாது. பிடிபட வேண்டிய அவசியம் ஐம்பது வருடமாய் வந்ததில்லை. “எங்கிட்டச் சொன்னார். ‘டெபாசிட் பத்திரமா இருக்கு, நானே கணக்குப் பாத்துட்டேன், நீ எதுக்கும் கவலப்படாத’ன்னு. அப்புறம்தான் நான் வேன்ல நிம்மதியாப் போனேன்.”

சூக் யீ அந்த இரண்டு கோட்டையும் மறுபடி பார்த்தாள்.

“என்ன அப்படி நிக்கற? கணக்கு சரியாத்தானே இருக்கு?”

“சரியா இருக்கும்மா.”

“பின்ன? அவர் கணக்கு என்னிக்குத் தப்பிருக்கு?”

வெளியே ஆட்கள் கூப்பிட்டார்கள். சூக் யீ தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடியையும் பென்சிலையும் எடுத்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். நாள்காட்டியில் இரண்டு நாள் கிழிபடாமல் நின்றிருந்தது. “ஐயோ, மறந்தே போனேன்” என்று சொல்லிக்கொண்டு, வீங்கின கையால் ஒவ்வொன்றாய்க் கிழித்தாள். இரண்டு தாளையும் வெறும் பக்கம் மேலே தெரிய, முக்காலியில் வைத்தாள்.

பிறகு பென்சிலைத் தேடினாள்.