எண்ணெய் ஊசிக் கூண்டின் ஏழாவது எலி

எலிகளுக்குச் சூலகம் எடுப்பதில் அவளை மிஞ்ச அந்த ஆய்வகத்தில் ஆள் கிடையாது. பன்னிரண்டு வருஷக் கை. ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் அக்கா. பேராசிரியரே வாய்க்கு வாய் புகழ்வார். புகழ்ச்சி யாரை விட்டது? அவளுக்கும் தலைக்கு ஏறித்தான் இருந்தது.

சூலகம், அதாவது சினைப்பை, போனால் ஹார்மோன் போகும், கருப்பை நூலாக வாடும். அதன்பின் பாதி எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி, மீதிக்கு வெறும் எண்ணெய் ஊசி. முதல் வகையில் கருப்பை பருக்கும். எண்ணெய் போட்டது வாடியே கிடக்கும். அந்த எடை வித்தியாசத்தை நம்பித்தான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான ஒரு மாணவி இரண்டு வருஷமாக ஊண் உறக்கமில்லாமல் உழைக்கிறாள். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

இன்று கடைசி எலிகள். எண்ணெய்க் கூண்டின் ஏழாவதை அக்கா அறுத்தாள். கருப்பை கொழுகொழுவென்று சிவந்து கிடந்தது. ஐயையோ! ஓரத்தில் கடுகளவு சூலகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

அறுவைக்குப் பின் ஒரு வாரம், சூலகத் துண்டு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று காலைதோறும் ஒவ்வொரு எலியையும் சோதிக்க வேண்டும். இந்தமுறை அவள் சோதிக்கவில்லை. என் கைக்கே பரிசோதனையா என்ற திமிர், வேறென்ன! சத்தமில்லாமல் குப்பைப் பையில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டு மாணவியைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரும்மா. துண்டு விட்டுட்டேன், என் தப்புதான். இந்த ஒண்ணைச் சேர்க்காதே."

மாணவியின் முகம் வெளிறியது. "ஒண்ணு இல்லக்கா."

"என்னடி சொல்ற?"

"போன மாசம் நான் அறுத்த எண்ணெய் எலியிலயும் நாலு இப்படித்தான் கனமா இருந்துச்சு. நீங்க செஞ்சதுல குறை இருக்காதுன்னு, உள்ள இருந்த தண்ணிய நான்தான் சரியா ஒத்தி எடுக்கலைன்னு நெனச்சேன். எடையக் குறைச்சு எழுதிட்டேன்."

"அந்தக் கருப்பையெல்லாம் எங்க?"

"எரிக்க அனுப்பியாச்சு."

இனி எந்த எண் நிஜம், எது பொய் என்று யாரால் சொல்ல முடியும்? ஆய்வேடு மொத்தமும் போச்சு.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னு பயமா இருந்துச்சுக்கா."

கோவித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கோவித்துத்தான் இருப்பாள்.