மற்றக் கண்

"வலப்பக்கத்தால ஊத்துங்க, சேர்," என்றான் இஹ்ஸான்.

முனீபின் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை அந்தரத்தில் நின்றது. இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டுவதற்கு எந்தப் பக்கம் தொடங்குவதென்று அவருக்குத் தெரியாதா? நாற்பத்தொன்பது வயதில், பெற்ற வாப்பாவின் உடல் முன்னால் நின்றுகொண்டு, கண் சத்திரசிகிச்சையில் தான் கத்தி பிடிக்கப் பழக்கியவனிடம் பாடம் கேட்கவேண்டி வந்துவிட்டது. வலது தோளில் ஊற்றினார்.

வாப்பா ஸைனுலாப்தீன் முப்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். அன்று விடிய, சுபஹு தொழுத பாயிலேயே சரிந்துவிட்டார். மட்டக்களப்பிலிருந்து முனீப் வந்து சேர ஒன்பது மணியாயிற்று. வாசலில் வைத்தே தங்கை ஹுஸ்னியா சொன்னாள்.

"நானா, குளிப்பாட்டக்குள்ள இஹ்ஸான் டொக்டரும் நிக்கோணும். வாப்பா சொல்லி வச்சவர்."

"அவர் ஏன்? நாந்தானே மகன்?"

ஹுஸ்னியா அழுது வீங்கிய முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று வருடத்துக்கு முன்னர் வாப்பாவின் வலது கண்ணில் புரை எடுத்தது முனீப்தான். ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்த கை அது. ஆனால் வாப்பாவின் புரை கறுத்து, கல்லாய் இறுகியிருந்தது. கண்மணியும் விரிய மறுத்தது. பாதியில் உள்சவ்வு கிழிந்து, புரைத்துண்டு கண்ணின் அடியில் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அந்தக் கண் முற்றாக இருண்டது. வாப்பா அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "மற்றக் கண்ணக் கொழும்பில பாப்பம்" என்று முனீப் தவணை சொல்லிச் சொல்லி ஒன்றரை வருடம் கடத்தினார். ஒரு நாள் வாப்பாவே தொலைபேசி எடுத்தார். "மற்றத இங்க ஆஸ்பத்திரியில இஹ்ஸான் செஞ்சிட்டான் மகன். பேப்பர் வாசிக்கிறன்."

போன மாசியில் கண் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கான மேற்பயிற்சி திருகோணமலையிலேயே நடந்தது. கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மண்டபம். கடினமான கண்புரைகள் பற்றிய அமர்வில் இஹ்ஸான் ஒரு வீடியோவைப் போட்டான். பெயர் இல்லை, முகம் இல்லை; சுவர் அளவுக்கு ஒரு கண் மட்டும். முன்வரிசையில் இருந்த முனீப் அது யாருடைய கண்ணென்று உடனே அறிந்துகொண்டார். அதே கறுத்த புரை. அதே விரியாத கண்மணி. இஹ்ஸான் அவசரப்படவில்லை. சின்னக் கொக்கிகளால் கண்மணியை விரித்து, புரையைத் துண்டு துண்டாக உடைத்து, சவ்வில் ஒரு கீறலும் படாமல் வெளியே எடுத்தான். மண்டபமே கைதட்டியது. முனீபும் இரண்டு தட்டுத் தட்டினார்.

பின்னாலிருந்து ஒரு பெண் டொக்டர் கேட்டார், "இவருக்கு மற்றக் கண்?"

"அது பழைய காயம்," என்றான் இஹ்ஸான். "இழுவைக் கம்பி தெறிச்சு அடிச்சது."

அவன் முனீபின் பக்கம் பார்க்கவேயில்லை. அந்தப் பொய் பிச்சை போட்டதுபோல் முனீபின் மடியில் விழுந்தது. அதன் பிறகு இஹ்ஸானின் அழைப்பு எதையும் அவர் எடுக்கவில்லை.

இப்போது இஹ்ஸான் வாப்பாவின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். இடது இமையைப் பெருவிரலால் மெல்லத் துடைத்தான். வலது இமைக்கு வந்தபோது கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றான். முனீப் குனிந்து அதைத் துடைத்தார். துடைத்த பிறகும் விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. சனம் கலைந்துபோக, முற்றத்துக் கதிரைகளில் அவர்கள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். ஹுஸ்னியா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கேட்காமலே இஹ்ஸானுக்குச் சீனியில்லாமல் கொடுத்தாள். முனீபின் தேத்தண்ணி இனித்தது. அவர் சீனியை விட்டு இரண்டு வருடம்.

"அண்டைக்கு ஏன் பொய் சொன்னீங்க?"

"எண்டைக்கு, சேர்?"

"மண்டபத்தில. கம்பி அடிச்சதெண்டு."

இஹ்ஸான் கோப்பையைக் கீழே வைத்தான். "உங்கட வாப்பா அப்பிடித்தான் சொன்னவர். அந்தக் கண்ணில ஒப்பரேசன் தழும்பு கிடந்தது. மூண்டு தரம் கேட்டனான். மூண்டு தரமும் கம்பி எண்டார். நானும் கம்பியெண்டே எழுதினன்."

மகனைக் காட்டிக்கொடுக்காத வாப்பாவை நினைத்து முனீபுக்கு நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. மூன்று தரம். இவனுடன் மூன்று தரம் அந்தக் கண்ணைப் பற்றிக் கதைத்திருக்கிறார். பொய்யானாலும் அதைத் தன்னிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.

தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார், "கட்டவிழ்த்த அண்டைக்கு முதல்ல என்னத்தப் பாத்தவர்?"

"ஜன்னலால துறைமுகத்தப் பாத்தவர். அங்க நிண்ட கப்பல்ட பேர எழுத்தெழுத்தா வாசிச்சவர்."

"என்ன பேர்?"

இஹ்ஸான் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தான். "மறந்திட்டன், சேர்."

வாப்பாவைப் பற்றி இஹ்ஸானிடமும் இல்லாமல்போன ஒன்று இருப்பது முனீபுக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. தன் கதிரையைச் சற்று நகர்த்தி, வேலிக்கு அப்பால் கடல் தெரியும்படி இஹ்ஸானுக்கும் இடம் விட்டார். மஃரிப் தொழுகைக்கு முந்திய மங்கல் வெளிச்சத்தில் ஒரு சரக்குக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் முகப்பில் வெள்ளையாய் ஏதோ எழுதியிருந்தது. இரண்டு கண் டொக்டர்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை வாசிக்கப் பார்த்தார்கள்.