எஞ்சினை நிறுத்த ஒரு சொல்

பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் சிவசுப்பிரமணியம் மாஸ்ரரின் வீட்டு விறாந்தையில் செருப்புக் கழற்ற இடமில்லாமல் போய்விட்டது. அடம்பனில் மின்சாரம் நின்று நாலு வருடம். இரவில் படம் போடவும் முடியாது. வெளிச்சம் கண்டால் ஆமியின் ஹெலிக்காரன் சுடாமல் போகமாட்டான். ஆகவே பகலிலேயே யன்னல்களைச் சாக்கால் மறைத்து, வாடகை ரீவியையும் வீடியோ டெக்கையும் மேசையில் ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மாஸ்ரரின் லான்ட்மாஸ்டர், வயல் உழுகிற இரண்டு சில்லு இயந்திரம், பெல்ற் பூட்டி டைனமோவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றால் படமும் நின்றுவிடும்.

கசெற்றை அனுப்பியவர் லண்டனில் இருக்கும் மாஸ்ரரின் மருமகன். அங்கே தியேட்டரில் ஓடிய படம் வீடியோவாக வெளிவந்த வாரமே வாங்கி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வவுனியாச் சோதனை முகாமில் இரண்டு நாள் கிடந்து அது அடம்பனுக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் பனி மூடிய ஒரு தெரு, தோற்பையோடு ஒரு கிழட்டு டொக்டர். சுரங்கத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்தே செத்துப்போன வெள்ளைக்காரனின் வாழ்க்கை.

"கட்டுக்கதை எண்டு நினையாதேங்கோ. உண்மையா இருந்த மனுசன்," என்றார் மாஸ்ரர்.

முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவர். ரீவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஒவ்வொரு வசனத்தையும் உரத்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு பேர் அவர் வாயைப் பார்த்து இருந்ததில்லை.

"மாஸ்ரர், அந்த வெள்ளைக்காரி இவ்வளவு நேரம் கதைச்சவள். நீங்கள் ரெண்டு சொல்லோடை விட்டிட்டியள். மிச்சம்?" என்று கேட்டார் பக்கத்து வளவுத் தம்பு.

"மிச்சம் உமக்கு இந்த வயசிலை தேவையில்லை."

வீடு சிரித்தது.

வெளியே எஞ்சினோடு நின்ற அருளப்பனுக்கும் சிரிப்புக் கேட்டது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவன். பதினேழு வருடமாக மாஸ்ரரின் வயலில் கூலி. லான்ட்மாஸ்டரை ஓட்டுவதும் அவன்தான். அவன் நின்ற இடத்திலிருந்து படம் தெரியாது. மாஸ்ரரின் குரல் மட்டும் பின்பக்கக் குசினி வாசலால் வரும்.

மூன்று மணிக்கு, கூலிக் குடிசைகளின் பக்கமிருந்து அந்தோனியம்மா ஓடிவந்தாள்.

"அருளப்பண்ணே, ஒங்க வீட்டுக்கு வாங்க. லூர்தம்மாவுக்குக் கண்ணு மேல போகுது. கூப்பிட்டா பதில் இல்ல."

மனைவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பிள்ளைகள்தான் பக்கத்தில் இருந்தார்கள். அருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்குப் போனான். மாஸ்ரரின் மனைவி கனகம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பெல்ற் கழண்டிட்டுதோ?"

"இல்லீங்கம்மா. லூர்தம்மாவுக்குக் கடுமையா இருக்காம். மிசினுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமான்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

உள்ளே, திரையில் டொக்டரின் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. கரி படிந்த முகத்தோடு ஒரு சுரங்கத் தொழிலாளி தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"'என்ரை பிள்ளைக்கு மூச்சு இழுக்குது ஐயா, வருவீங்களோ' எண்டு கேக்கிறான்," என்றார் மாஸ்ரர். குரல் தழுதழுத்தது. "டொக்டர் எழும்பிப் போறார். கல்யாணப் பொம்பிளை கையைப் பிடிக்கிறாள். எண்டாலும் போறார்."

தம்பு சால்வையால் மூக்கைத் துடைத்தார். "மனுசனெண்டால் இவன் மனுசன்."

அந்த நேரம் பார்த்துத்தான் கனகம்மா குனிந்து மாஸ்ரரின் காதில் சொன்னாள். மாஸ்ரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காய்ச்சல்தானே. ஊர் முழுக்கக் காய்ச்சல். ரெண்டு பனடோல் குடுத்துவிடும். படம் முடிஞ்ச உடனை கொண்டுபோகட்டும்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தக் குடும்பத்துக்குக் குடிசை போட நிலம் கொடுத்தவர். கசெற்றை மாலைக்குள் அடுத்த ஊர்க்காரருக்குக் கொடுக்கவேண்டும் என்பதும், நடுவில் நிறுத்தினால் இத்தனை சனமும் முகம் சுளிக்கும் என்பதும்தான் அப்போது அவருடைய மனதில் இருந்தவை.

அருளப்பன் பனடோலை அந்தோனியம்மாவிடம் கொடுத்தனுப்பினான். நாலு மணி கழிந்து அவள் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். மாத்திரை உள்ளே இறங்கவில்லை, பல் கிட்டிவிட்டது. அவன் மறுபடியும் குசினி வாசலில் போய் நின்றான். உள்ளே டொக்டர் செத்துக்கொண்டிருந்தார். பனியில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் விளக்கேந்தி நின்றார்கள். கனகம்மாவின் கன்னம் முழுக்கக் கண்ணீர். திரும்பிப் பார்க்காமலே, பொறு என்று கையைக் காட்டினாள்.

அவன் எஞ்சினிடம் திரும்பினான். பெல்ற் நழுவப் பார்த்தது. குங்கிலியத் தூளைத் தூவி, அது பிடித்துக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

படம் நாலரைக்கு முடிந்தது. கண்கள் சிவந்துபோய்ச் சனம் வெளியே வந்தது. பெல்றைக் கழற்றி, இழுவைப் பெட்டியைக் கொழுவி, லூர்தம்மாவை வைக்கோலில் கிடத்தினார்கள். அவளுடைய முகத்தைக் கண்ட பிறகு மாஸ்ரரும் பெட்டியில் ஏறிக்கொண்டார். ஷெல் விழுந்த குழிகளுக்குள்ளால் ஏழு மைல்.

"மூளை மலேரியா," என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். "எப்ப மயங்கினவ?"

"மூணு மணிக்குங்க."

"ஒரு மணித்தியாலம் முந்தியெண்டாலும் கொண்டுவந்திருக்கலாமே."

அருளப்பன் நிலத்தைப் பார்த்தான். மாஸ்ரரும் நிலத்தைத்தான் பார்த்தார். பொழுது சாயும் முன் லூர்தம்மா போய்விட்டாள்.

மறுநாள் சேமக்காலையில், கிறிஸ்தவர்களின் மயானத்தில், மண் போட்டு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மாஸ்ரர் அவனருகே வந்தார்.

"எஞ்சின் உன்ரை கையிலைதானே இருந்தது அருளப்பன். நிப்பாட்டிப்போட்டுக் கொண்டுபோயிருக்கலாமே. நான் என்ன செய்திருப்பன்?"

"ஐயா சொல்லாம எஞ்சின நிப்பாட்டி எங்களுக்குப் பழக்கமில்லீங்க." அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "அதோட, அந்த டாக்டரு கல்யாணத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போனாருன்னு நீங்க சொன்னது வெளிய கேட்டுச்சு. சொல்லி முடிச்சதும் நீங்களும் எந்திரிச்சு வருவீங்கன்னு நெனச்சேன்."

அந்தக் கிழமையே அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மடு அகதி முகாமுக்குப் போய்விட்டான். மாஸ்ரர் லான்ட்மாஸ்டரைக் கிளப்புகிற கைபிடியைக் கொண்டுபோய்க் கூலிக் குடிசைக்காரர் செபம் சொல்லும் சிலுவைக் கொட்டிலில் மாட்டினார். "வருத்தம் எண்டால் ஆரும் எடுங்கோ. என்னட்டைக் கேக்க வரவேண்டாம்," என்றார். ஒருவரும் எடுக்காமல் கைபிடி தொங்கியபடியே இருந்தது.

மாதம் ஒன்று கழித்துத் தம்பு வந்தார். கசெற் ஊரெல்லாம் சுற்றித் திரும்பியிருந்தது.

"இன்னொருக்காப் போடுவம் மாஸ்ரர். என்ரை மருமகள் பார்க்கேல்லை. நீங்கள் தமிழிலை சொன்னால்தான் அழுகை வரும் எண்டு சனம் கதைக்குது."

மாஸ்ரர் கசெற்றை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.

"கொண்டுபோம். இனி நான் சொல்லமாட்டன். ஏழு கடலுக்கு அங்காலை இருந்தவன் இங்கிலீஷிலை கேட்டதை உங்கள் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினன், தம்பு. என்ரை குசினி வாசலிலை நிண்டவன் தமிழிலை கேட்டவன். அது எனக்கு விளங்கேல்லை. திரையிலை நிக்கிறவனுக்காக அழுகிறது இரக்கம் இல்லை. வாசலிலை நிக்கிறவனுக்காக எழும்பவேணும். எழும்பாட்டில் அந்தக் கண்ணீர் வெறும் உப்புத் தண்ணிதான்."