இரவல் மருந்துச் சட்டி

கர்ப்பமாயிருந்த சாய்யுனின் உள்ளாடையில் மறுபடியும் ரத்தக்கறை. மருந்து குடிக்க ஆரம்பித்த பிறகுதான் இது கூடியிருக்கிறது. கணவன் செங்டுவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

வைத்தியர் பாங் நாடி பிடித்துவிட்டு, சிறுநீரகத்தில் பலம் போதவில்லை, அதனால் கருவுக்குப் பிடிப்பில்லை என்றார். கழுதைத்தோல் பசையும் மாசிப்பத்திரியும் எழுதித் தந்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம். வலக்கை நாடி துள்ளுகிறது, பெண்ணாகத்தான் இருக்கும் என்றும் சொல்லிவைத்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம். மாமியாரின் முகம் அங்கேயே சுண்டிவிட்டது. அன்றிலிருந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளேதான் மருந்து காய்ச்சுகிறாள்.

இன்று கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் சாய்யுன் அதைக் கீழே வைத்துவிட்டாள். அக்காவின் பிரசவ அறையில் அடித்த அதே வாசனை. பிள்ளை பெற்றவளுக்குத் தங்கின ரத்தம் இறங்கக் கொடுக்கும் குசும்பப்பூ; வயிற்றில் இருக்கும் கருவையும் இறக்கிவிடும்.

மருந்தைக் குடிக்காமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாங்கிடம் போனாள். மாமியாரும் பின்னாலேயே ஓடிவந்தாள். பாங் சக்கையைக் கிளறினார். அவர் எழுதியதைத் தவிர எதுவும் இல்லை. பிறகு சட்டியைக் கவிழ்த்துவிட்டு முகர்ந்தார்.

"இது யார் வீட்டுச் சட்டி?"

பக்கத்து வீட்டு ஃபூ அக்காவுடையது என்றாள் மாமியார்.

"முன்னாடி இதுல என்ன காய்ச்சுனாங்கன்னு கேட்டீங்களா?"

"மருந்துச் சட்டி இரவல் வாங்குறப்ப அதை யாருங்க கேப்பா? அவங்க சீக்கை நம்ம வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடாதா?"

ஊர் வழக்கம் அதுதான். சொந்தமாகச் சட்டி வைத்திருந்தால் நோய் குடியேறிவிடும் என்று எல்லோரும் இரவல்தான் வாங்குவார்கள். பாங்கும் மேலே கேட்கவில்லை. மண்சட்டி முன்பு குடித்த மருந்துச் சாற்றில் எவ்வளவைத் திரும்பக் கக்கும் என்று சொல்லத் தெரியாது, ஆனால் இனி இது வேண்டாம் என்றார். மாமியார் அதை வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டு அழுதாள். அவளைச் சந்தேகப்பட்டதற்குச் சாய்யுனுக்கு வெட்கமாகிவிட்டது. புதுச் சட்டி வாங்கிக்கொண்டு, மாமியார் கையைப் பிடித்தபடியே திரும்பினாள்.

தெருமுனையில் ஃபூ அக்காவின் மருமகள் கைக்குழந்தையோடு எதிரே வந்து சிரித்தாள். சாய்யுனின் பிடி தளர்ந்தது. அந்தக் குழந்தைக்கு மாதம் நிறைந்த விருந்துக்குப் போய்வந்தது மாமியார்தான். பிள்ளை பிறந்ததற்கு அங்கே கொடுத்த சிவப்புச் சாயமிட்ட முட்டையைக் கொண்டுவந்து, உரித்து, இவள் வாயில் ஊட்டியதும் அவள்தான். அந்தச் சட்டியில் என்ன காய்ச்சியிருப்பார்கள் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"சட்டியைக் குடும்மா, போனதும் காய்ச்சிடுறேன்."

"வேண்டாம் அத்தை," என்றாள் சாய்யுன், சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. "இனிமே எனக்கு நானே காய்ச்சிக்கிறேன்."