ராதாபுரத்துச் சன்னல்

பாளையங்கோட்டையில் எனக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடை. தொழிலில் எவனாவது இந்த அப்பாத்துரைக்கே பாடம் எடுத்தால் சுள்ளென்று கோபம் வரும்.

ராதாபுரத்தில் அன்னத்தாய் வீட்டுச் சன்னலுக்கு அளவெடுக்கப் போனபோதும் வந்தது. அவள் புருஷன் தாணுமாலையன் காற்றாலை மெக்கானிக். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கட்டிலுக்கு எதிரே சன்னல். அதற்கு அப்பால் அவர் ஏறி இறங்கிய காற்றாடி. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அன்னத்தாய் கண்ணாடிதான் கேட்டாள். இந்தக் காற்றுக்கு அது தாங்காது, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் தகடுதான் உடையவே உடையாது என்று அவள் வாயை அடைத்தேன். திறக்க முடியாதபடி சுற்றிலும் பசை வைத்து இறுக்கிவிட்டும் வந்தேன்.

ஆடி கழிந்ததும் அடுப்படி அலமாரிக் கதவுக்காகக் கூப்பிட்டாள். போனால் வீடு இழவு வீடு மாதிரி கிடக்கிறது. தாணுமாலையனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். கிட்டத்தில் இருப்பது தெரிகிறது, காற்றாடி தெரியவில்லை. மறுநாள் கண்ணாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வண்டி சொல்லியிருந்தார்கள்.

“காலுதான் போச்சு, கண்ணும் போனா அவுக எதுக்கு அண்ணாச்சி இருக்கணும்?” என்று அழுதாள்.

சன்னல் பக்கம் திரும்பினேன். அக்ரிலிக் உடையவில்லைதான். ஆடிக்காற்று செம்மண்ணை அள்ளி வீசி வீசித் தகடு முழுக்கக் கீறல், பால் ஊற்றிய மாதிரி. போதாக்குறைக்கு, தூசி என்று நினைத்து அன்னத்தாய் தினமும் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அப்படித் தேய்க்கக் கூடாது என்று நான் சொன்னேனா? இல்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் யாரும் சன்னலைச் சந்தேகப்படவில்லை. நான் அவ்வளவு அடித்துச் சொன்ன சரக்கல்லவா, கண்ணைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

கத்தியால் பசையைக் கீறித் தகட்டைப் பெயர்த்தேன்.

வெளிச்சம் மொத்தமாக உள்ளே விழுந்தது. பனைகளுக்கு மேலே, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அந்தக் காற்றாடி நின்றது. இத்தனை முறை அந்த ரோட்டில் போயிருக்கிறேன், அது அவ்வளவு பெரிது என்று அன்றுதான் கண்டேன்.

தாணுமாலையன் இமைக்கவே இல்லை.

“மூணு எறக்கையும் தெரியுது,” என்றார். பிறகு, “தூண்ல எழுதியிருக்க நம்பரும் தெரியுது.”

அன்னத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் தப்புதான் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். மணல் லேசில் கீறாத, காற்றுக்கும் தாங்குகிற டஃப்பன்ட் கண்ணாடி வரப் பத்து நாளாகும், அதுவரை அட்டை வைத்து மூடிவிட்டுப் போகிறேன் என்றேன்.

காற்று அதற்குள் அவர் முகத்திலும் போர்வையிலும் மண்ணைக் கொட்டியிருந்தது. அவர் துடைக்கவில்லை.

“மூட வேண்டாம் அண்ணாச்சி. மண்ணு விழுந்தா விழட்டும்.”