ஒரே புத்தகத்தில் இரண்டு ஜிம்மி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசை தவறினால் நான் யாரையாவது நல்லவராகவோ கெட்டவராகவோ காட்டிவிடுவேன் என்று பயம். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பகலில் குளுவாங் நகரில் ஒரு சின்ன விலங்கு மருத்துவமனையில் வேலை. மாலையில் கணக்கியல் வகுப்பு. மருத்துவமனையில் டாக்டர் பிரேமளாவும் நானும் மட்டும்தான். முகப்பில் உட்கார்ந்து பெயர் எழுதுவதும் நான், உள்ளே போய் நாயைப் பிடித்துக்கொள்வதும் நான். எனக்குப் பரீட்சை இருந்தால் அன்று டாக்டர் தனியாகவே பார்த்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை காளியம்மா ஆன்டி வந்தார். பசாரில், ஊர்ச் சந்தையில், காய்கறிக் கடை போட்டிருப்பவர். காய் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்து அதில் ஒரு நாய்க்குட்டியைப் படுக்க வைத்திருந்தார். கருப்புக் குட்டி, முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. வாசனை முதலில் வந்தது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கின் வாசனை. இந்த வேலைக்கு வந்த பிறகு அது எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

"நேத்துலேர்ந்து வாந்தி, பொண்ணு. தண்ணியும் நிக்கல. ஊசியெல்லாம் போட்டாச்சு, இந்தா புக்கு."

தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினார். பேர் என்ன என்று கேட்டேன்.

"ஜிம்மி."

"எத்தன வயசு ஆன்டி?"

"நாலு மாசம்கூட ஆவல."

புத்தகத்தைத் திறந்தேன். பெயர் என்ற இடத்தில் ஜிம்மி என்று இருந்தது. அதற்குக் கீழே நிறம், இனம், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, அடையாளம் என்று கட்டங்கள். ஒன்றிலும் எதுவும் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பினால் வருடத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள், நான்காவதாக ஐந்து வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை போட்டது ஒன்று. நாலு மாதக் குட்டிக்கு மூன்று வருடத்து ஊசிகள்.

"ஆன்டி, மேல இருக்கறது யாருக்குப் போட்டது?"

"அது பழைய ஜிம்மி. லாரில அடிபட்டுச்சே, அது. எங்க வீட்டுல நாய்னா ஜிம்மிதான்லா. என் வீட்டுக்காரர் இருந்தப்பவும் ஜிம்மி, அதுக்கு முன்ன தோட்டத்துல இருந்தப்பவும் ஜிம்மி. கூப்புட வாய்க்குப் பழகிப்போச்சு."

"புது புக் எடுக்கலயா?"

"எதுக்கு? இதுல இன்னும் பக்கம் கெடக்கே. நல்ல புக்க ஏன் வீணாக்கணும்?"

நான் புத்தகத்தையும் கூடையையும் உள்ளே கொண்டு போனேன்.

அந்த நான்காவது ஊசி எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. டாக்டர் ஊசி போட்டதும் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து இரும்பு மேசையின் ஓரத்தில் ஒட்டிவிடுவார். பக்கத்தில் பேனாவால் பெயர் மட்டும் எழுதுவார். கூட்டம் கலைந்த பிறகு உட்கார்ந்து, பெயரைப் பார்த்துப் பார்த்து அந்தந்தப் புத்தகத்தில் லேபிளை ஒட்டுவார், அடுத்த தேதி எழுதுவார், கையெழுத்துப் போடுவார். கையெழுத்து பாதி லேபிளிலும் பாதி தாளிலும் விழ வேண்டும், யாரும் உரித்து மாற்ற முடியாமல் இருப்பதற்காக. பசாருக்குப் போனவர்கள் திரும்பும்போது புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

லேபிள், ஜிம்மி. புத்தகம், ஜிம்மி. மேலே இருக்கும் வரிகளெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை. அதனால் அடுத்த ஊசி அடுத்த வருடம். குட்டிக்கு மூன்று நாலு வாரத்தில் மறு ஊசி போட வேண்டும். அதற்கு வரச் சொல்லி யாரும் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. நான் வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால் கவனித்திருப்பேனா என்று யோசித்தேன். கவனித்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. குட்டிகளைக் கொல்லும் குடல் கிருமி, பார்வோ. டாக்டர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கேட்டார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம். கையெழுத்தின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நான் குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் புரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். ட்ரிப் ஏற்றினோம்.

வெளியே வந்து டாக்டர் சொன்னார், "அக்கா, இது பார்வோ. குட்டிக்கு வர்றது. இங்கயே வச்சுப் பாக்கறேன்."

"ஊசி போட்டுமா டாக்டர்?"

"சில நேரம் வரும்."

அது பொய் இல்லை. ஊசி போட்டும் சில நேரம் வரும். ஆனால் அந்த நேரத்தில் அது உண்மையும் இல்லை என்று நினைக்கிறேன்.

காளியம்மா ஆன்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் டாக்டர். வீட்டுல தனியா கத்துதேன்னு பசாருக்குத் தூக்கிட்டுப் போனேன். மேசைக்கு அடில, சாக்கட பக்கத்துல கட்டிப் போட்டேன். செல்வா வேணாம்னான்."

செல்வா அவருடைய மகன். சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். குட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான். அவர் அங்கேயே உட்கார்ந்து அவனுக்கு ஃபோன் போட்டார். பொத்தான் கண்ணுக்குத் தெரியாது என்று எப்போதும் ஸ்பீக்கரில் பேசுவார். அதனால் நானும் கேட்டேன்.

"நா எத்தன தடவ சொன்னேன்மா? பசாருக்குக் கொண்டு போகாதீங்கன்னு சொன்னேனா இல்லயா? ஒரு நாய்க்குட்டிய ஒழுங்கா பாத்துக்க முடியல உங்களால."

"ஆமாய்யா. சொன்ன."

"பழைய ஜிம்மியும் இப்படித்தான். கதவத் தொறந்து போட்டீங்க, ரோட்டுக்கு ஓடிச்சு."

"ஆமாய்யா."

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஏதாவது வர வேண்டும் என்று காத்திருந்தேன். கோபமோ இரக்கமோ வந்தால் அதன்படி ஏதாவது செய்யலாம். ஒன்றும் வரவில்லை. கை காய்ந்திருக்கிறதே, கிருமிநாசினியில் அதிகம் கழுவிவிட்டோமோ என்றுதான் யோசித்தேன்.

மறுநாள் குட்டி தலையைத் தூக்கவில்லை. மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ரூபினி, புது புக் ஒண்ணு எடும்மா."

எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்ததாலா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதாலா, இப்போதும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் எழுதினார். ஜிம்மி. கருப்பு. ஆண். கலப்பினம். இடது முன்னங்காலில் வெள்ளை. பிறந்த மாதம். அவர் இவ்வளவு நிதானமாக ஒரு புத்தகம் நிரப்பி நான் பார்த்ததில்லை. எழுத்து அழகாக இருந்தது. பிறகு ஊசிப் பக்கம். போட்ட தேதி. அடுத்த தேதி என்ற இடத்தில், ஊசி போட்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும் தேதி. அப்படி எழுதிவிட்டால் டாக்டர் வரச் சொல்லியிருந்தார், ஆன்டிதான் வரவில்லை என்று ஆகும்.

லேபிள் மட்டும் பாக்கி. அது பழைய புத்தகத்தில் இருந்தது. டாக்டர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். கொஞ்சம் வந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் தாளும் சேர்ந்து கிழிந்து அவருடைய பெயரின் பாதி ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. அவர் நிறுத்தினார். கிழிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினார்.

"ரெண்டையும் என் மேசைல வச்சிடு," என்றார்.

வைத்தேன்.

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது குட்டி இறந்திருந்தது. ட்ரிப் குழாயைக் கழற்றினேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் துண்டில் சுற்றச் சொன்னார். ஆன்டிக்கு நான்தான் ஃபோன் செய்தேன். பசார் வேலையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

வந்தவர் அழவில்லை. துண்டை விலக்கி முகத்தைப் பார்த்தார். மறுபடி மூடினார். கூடையில் வைத்தார். பிறகு முகப்புக்கு வந்து என்னிடம் கையை நீட்டினார்.

"புக்கக் குடு பொண்ணு."

"எதுக்கு ஆன்டி?"

"அடுத்த ஜிம்மிக்கு ஆவும்ல. இன்னும் பக்கம் இருக்கே."

நான் சொல்ல வேண்டியது, பார்த்து எடுத்துத் தருகிறேன் என்பதுதான். முகப்பில் யார் என்ன கேட்டாலும் சொல்வது அது. ஆனால் நான் சொன்னது வேறு.

"டாக்டர் மேசைல ரெண்டு புக் இருக்கு ஆன்டி."

"ரெண்டா? எனக்கு ஒரு புக்குதான?"

வேண்டுமென்றுதான் இரண்டு என்றேனா, இருப்பதை இருக்கிறபடி சொல்லிப் பழகிய வாய் சொன்னதா? தைரியம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்போது நெஞ்சு படபடக்கக்கூட இல்லை.

டாக்டர் அறை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து ஆன்டிக்கு முன்னால் திறந்து வைத்தார்.

"அக்கா, உக்காருங்க."

"நிக்கறேன், சொல்லுங்க."

"குட்டிக்கு ஒரு ஊசி பத்தாது. மூணு நாலு வாரத்துல திரும்பப் போடணும், அப்புறம் இன்னொண்ணு. நான் உங்கள வரச் சொல்லல. இங்க பாருங்க, அடுத்த வருஷம்னு எழுதியிருக்கேன். பழைய ஜிம்மியோட கணக்குலயே இதையும் எழுதிட்டேன்."

ஆன்டி புத்தகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தார். "குட்டிய நீங்க பாத்தீங்களே டாக்டர். கைல வச்சிருந்தீங்களே. குண்டுப் பையன்னு சொன்னீங்க."

"ஊசி போடும்போது பாத்தேன். எழுதும்போது பாக்கல."

"அப்ப பசாருக்குக் கொண்டு போனதால இல்லயா?"

"அங்கருந்து வந்திருக்கலாம். ஆனா மறு ஊசி போட்டிருந்தா பெரும்பாலும் தாங்கியிருக்கும். அது என் தப்பு. முன் பக்கத்துல கருப்பு, ஆண், குட்டின்னு எழுதணும். பழைய ஜிம்மிக்கும் எழுதல, இதுக்கும் எழுதல. எழுதியிருந்தா வேற நாயின்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"இது என்ன புக்கு?"

டாக்டர் புதிய புத்தகத்தின் மேல் கையை வைத்தார். "இது நேத்து எழுதினேன். உங்கள வரச் சொன்ன மாதிரி எழுதியிருக்கேன். இது பொய்."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்று, கிளம்பிப் போனது.

ஆன்டி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பசாரில் அவர் கத்துவதைக் கேட்டிருக்கிறேன், மூன்று கடை தாண்டிக் கேட்கும். அவர் கைப்பையில் ஃபோனைத் தேடி எடுத்தார்.

"அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நா சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றேம்பான்."

செல்வா எடுத்ததும், "வேல நேரம்மா, என்ன?" என்றான்.

"ஜிம்மி போயிடுச்சுய்யா. டாக்டர் பேசணுமாம்."

டாக்டர் ஃபோனுக்குக் குனிந்து தன் பெயரைச் சொன்னார். பிறகு ஆன்டியிடம் சொன்னதையே சொன்னார். புது புத்தகத்தையும் சொன்னார். எதையும் சுருக்கவில்லை. ஃபோனில் இயந்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அந்த புக்க நானும் பாத்தேன் டாக்டர்," என்றான் செல்வா கடைசியில். "அடுத்த வருஷம்னு போட்டிருந்துச்சு. சரிதான்னு நெனச்சேன். நீங்க எழுதுனதுன்னு."

"ஆமா."

"நா அம்மாவ..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"கேட்டுச்சாடா?" என்றார் ஆன்டி. ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடியும் கேட்டார். "எல்லாம் கேட்டுச்சுல்ல?" பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். பழைய புத்தகத்தில் தவறான தேதியின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டார், தேதியைப் படிக்க முடியும்படி. பக்கத்தில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டார். புதிய புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் குறுக்கே, செல்லாது என்று எழுதி அதிலும் கையெழுத்திட்டார். இரண்டையும் ஆன்டி பக்கம் தள்ளினார்.

"ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். புகார் குடுக்கணும்னா இதக் காட்டுங்க. எங்க குடுக்கணும்னு ரூபினி எழுதித் தருவா."

"எனக்கு இங்கிலீஷ் வராது. அவன் படிச்சுக்குவான்," என்றார் ஆன்டி. இரண்டு புத்தகத்தையும் ஃபோனையும் கூடையில் துண்டுக்குப் பக்கத்தில் செருகினார்.

நான் புகார் கொடுக்கும் அலுவலகத்தின் முகவரியை எழுதித் தந்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டாவது முறை படித்துப் பார்த்தேன்.

"அடுத்ததுக்கு வேற பேரு வைக்கணுமா டாக்டர்?" வாசல் வரை போனவர் திரும்பிக் கேட்டார். அவர் கேலி செய்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

"பேரு ஜிம்மியே இருக்கட்டும் அக்கா. புக்குதான் வேற வேணும். இப்ப உடனே குட்டி எடுக்காதீங்க, இந்தக் கிருமி மண்ணுல ரொம்ப நாள் இருக்கும்."

"ம்."

கூடைக்குள் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஆன்டி குனிந்து பார்த்தார். திரையில் மகனுடைய படம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"செல்வா கூப்புடறான் ஆன்டி," என்றேன்.

"அடிக்கட்டும்லா. அவன் பேசுனதத்தான் ரெண்டு நாளா நா கேட்டுட்டு இருந்தேன்."

கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பசார் பக்கம் நடந்தார். சாலையைக் கடக்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது.