லாரிக்காரர் கடைசியாகக் கேட்ட வாக்கியம்

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், ஆரம்பித்தேன். அவருடைய கணவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், போன மாதம் இறந்துபோனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் எல்லோரும் அவர் வீட்டில் கூடுகிறோம். "நீங்கதான் எழுதறவராச்சே தம்பி, நாலு வரி எழுதி வாசிங்களேன்" என்றார். நாலு வரியில் முடிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்?

முதல் ஆரம்பம்: நெடுஞ்சாலைகளின் தனிமையை விழுங்கி வாழ்ந்த அந்த மாமனிதர்...

(அடித்துவிட்டேன். அவர் விழுங்கியதெல்லாம் ஓட்டல் சாப்பாடு. தனிமையும் கிடையாது, காற்றடிக்கிற கடையில் நிறுத்தினால்கூடக் கடைக்காரரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்.)

இரண்டாவது ஆரம்பம்: அவர் ஒரு நல்ல கணவர், நல்ல தகப்பன், நல்ல

[இங்கே நிறுத்திவிட்டேன். ஆளைப் பற்றி எழுதச் சொன்னால் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.]

2

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு முட்டுச் சந்து. உள்ளே வந்த கார் திரும்ப இடமில்லை, பின்பக்கமாகவே போய்த்தான் வெளியேற வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு லாரிக்காரர் ஓடி வந்துவிடுவார். "வரட்டும், வரட்டும்... லேசா ஒடி... வரட்டும்... ஹோல்டான்!" காரின் முதுகில் இரண்டு தட்டு. கேமரா வைத்த புதுக் கார்களையும் அவர் விட்டுவைத்ததில்லை.

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. சுமந்து வந்த இரண்டு பேருக்கும் இவர் "வரட்டும், வரட்டும்" சொல்லிக்கொண்டே போனார். சமையலறை வாசலில் பழக்கதோஷம், ஃப்ரிட்ஜின் முதுகில் இரண்டு தட்டு. இங்கேதான் இறக்கச் சொல்கிறார் என்று அவர்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முழுக்க அக்கா சமையலறைக்குள் பக்கவாட்டில்தான் நுழைந்தார். வாய் மட்டும் நேராகவே போய்க்கொண்டிருந்தது.

வேலையில் இருந்தவரை அவர் வாரக்கணக்கில் வெளியூர். அக்கா வாசலில் நின்று சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சீக்கிரம் வந்துடுங்க." ஓய்வுபெற்று விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தவர் மெல்ல மெல்ல வீட்டைக் கற்றுக்கொண்டார். சமையலறை அலமாரியை லோடு ஏற்றுகிற மாதிரி மாற்றி அடுக்கினார், கனமானது கீழே, உடைவது மேலே. அதற்குப் பிறகு உப்பு எங்கே என்று அக்காதான் அவரைக் கேட்க வேண்டியிருந்தது. மகளின் குழந்தை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு வாயாலேயே இன்ஜின் சத்தம் போடுவார். குழந்தை இரண்டாவது கியருக்குள் தூங்கிவிடும்.

3

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஃப்ரிட்ஜ் கதை வந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்தக் காலையை எழுதலையா?"

எழுதவில்லை. எழுதத் தைரியமில்லை. அன்று காலை அக்கா டீயை ஊற்றி வைக்கிறார், எங்கள் தெருவில் குடியிருக்கும் மருந்துக்கடைக்காரர் தன் காரை ரிவர்ஸ் எடுக்கிறார், லாரிக்காரர் எழுந்து ஓடுகிறார். டீ ஆறுகிறது. அக்கா வாசலுக்கு வந்து கத்துகிறார்: "ஊரார் காரையே கட்டிக்கிட்டு அழுங்க! வீட்டுக்கு வராதீங்க!"

அவர் வரவில்லை. தெருவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருந்துக்கடைக்காரர் அதே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

"காலமெல்லாம் சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு சொன்னவ, அன்னைக்குன்னு பார்த்து வராதீங்கன்னுட்டேன்" என்றார் அக்கா. "கதைதானே தம்பி? அந்த ஒரு வரியை மட்டும் மாத்திடுங்க."

இதுவரை என்னிடம் யாரும் இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை.

4

மாற்று ஒன்று. அக்கா சொல்கிறார்: "சீக்கிரம் வந்துடுங்க."

("தெருவுல நிக்கிறவர்கிட்டயா? வெளியூருக்கா போறாரு?" என்றார் அக்கா.)

மாற்று இரண்டு. அக்கா சொல்கிறார்: "உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்."

("ஐயோ, இதைச் சொல்லியிருந்தா அவர் பயந்துபோய் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பார்.")

மாற்று மூன்று. அக்கா ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டு

("நானா? பேசாமயா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும் தம்பி.")

5

கடைசியில் அவரே சொன்னார். "விடுங்க. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். ஆனா அது அவர் காதுல விழுந்துச்சா? கேட்டுட்டு என்ன சொன்னார்? அதையாவது தெரிஞ்சு எழுதுங்க."

அது தெரிந்தவர் ஒருவர்தான். மருந்துக்கடைக்குப் போனேன்.

[இங்கே ஒரு பத்தி வர வேண்டும்: மருந்துக்கடைக்காரர் என்னிடம் சொன்னது. அதை உங்களுக்குக் காட்டப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.]

திரும்பி வந்து இப்படி எழுதினேன்:

அக்காவின் குரல் கேட்டதும் லாரிக்காரர் சிரித்தார். கார் பாதித் தெருவில் கோணலாக நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டியைப் பாதியில் விட்டார். ஜன்னல் பக்கம் குனிந்து, "மீதியை நீங்களே பார்த்து எடுத்துக்குங்க சார். வீட்டுல கூப்பிடறாங்க" என்றார். வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

வாசித்துக் காட்டினேன். "வராதீங்கன்னுல்ல கத்தினேன்" என்றார் அக்கா. "அதையா கூப்பிடறாங்கன்னு சொன்னார்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "நிஜமா அவர் அப்படிச் சொன்னாரா தம்பி? இல்ல, இது நீங்க எழுதினதா?"

நான் அக்கா வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்தேன். கதை எழுதுகிறவன் ஆமாம் என்றால் யார் நம்புவார்கள்? இல்லை என்று சொல்லவோ எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்து முடித்ததும் அக்கா இதையேதான் ஒவ்வொருவரிடமும் கேட்கப்போகிறார். இவ்வளவு தூரம் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்ட உங்களையும் விடமாட்டார். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் சொல்லுங்கள். சொல்வதை மட்டும் பட்டென்று சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அவர் மிச்ச நாளைக் கழிக்கப்போகிறார்.